உதை குறைந்த சின்ன .45: வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது

என் அக்கா மகன் வேலந்தாவளத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ப் பணத்தோடு திரும்புபவன். தற்காப்புக்கு என்று உரிமம் வாங்கியிருக்கிறான். போன வருஷம் ஒருநாள் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஒருத்தர் .45 பிஸ்டல் விற்கிறார். கைக்குள் அடங்குகிற அளவுதான். ஆனா உதையே இல்லையாம். நீங்க வந்து பாருங்க" என்றான்.

நான் ராணுவத்தில் கருவிகளைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களைப் பிரித்துப் பூட்டியே என் கைரேகை தேய்ந்தது. உதை என்பது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது. "உதையே இல்லை என்று எவன் சொன்னாலும் நம்பாதே, மாப்பிள்ளை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடு" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும் பிறகு செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. .45 என்பது குண்டின் விட்டம், ஏறக்குறைய அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பிஸ்டலுக்கான .45 ஏ.சி.பி. தோட்டாவின் வழக்கமான குண்டு 230 கிரெய்ன், ஏறக்குறைய 15 கிராம். 5 அங்குல பேரலில் நொடிக்கு 250 மீட்டர் அளவில் போகும். பேரல் சின்னதானால் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் துப்பாக்கியின் எடை அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. 1.1 கிலோ எடையுள்ள பெரிய பிஸ்டல் சுமார் 7 ஜூல் உதைத்தால், 700 கிராம் பிஸ்டல் அதே தோட்டாவுக்குச் சுமார் 10 ஜூல் உதைக்கும். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்தான் ஸ்லைடு; அதைத் திருப்பித் தள்ள எந்த ஸ்பிரிங் போட்டாலும் கைக்கு வந்து சேரும் மொத்தத் தள்ளு மாறாது. அது வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் மாற்ற முடியும். கட்டட வேலையில் கீழிருந்து எறியும் செங்கல்லை மேலே நிற்பவர் பிடிப்பதைப் பாருங்கள். கையை விறைத்துப் பிடித்தால் தோல் கிழியும். கல்லோடு கையும் கொஞ்சம் பின்னால் போனால் வலிக்காது. கல்லின் எடை இரண்டு தடவையும் ஒன்றுதான்.

அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வழியில் உதையைக் குறைத்திருக்கிறார்கள் என்பது. ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங் வைப்பது ஒரு வழி. 1970-களின் டெடானிக்ஸ் குட்டி .45 அப்படித்தான், கிளாக் 30-ம் அப்படித்தான். ஹெக்லர் அண்ட் கோக் யு.எஸ்.பி.யில் அந்த ஸ்பிரிங்கோடு (ரீகாயில் ஸ்பிரிங்) சேர்த்துத் தனியாக ஒரு பஃபர், அதாவது அதிர்வு தாங்கி உண்டு. பெரெட்டா கூகரில் பேரலே சுழன்று, பேரலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டு திறக்கும். பேரல் முனையில் துளை போட்டு வாயுவை மேலே விடுகிறவர்களும் உண்டு. .45-க்கு அந்தத் துளையை நான் பெரிதாக மதிப்பதில்லை. 9 மில்லிமீட்டரின் உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .45-க்கு 21,000 தான். துளை வழியாகத் தள்ளிவிட அங்கே வாயு குறைவு, சத்தமும் வெளிச்சமும்தான் மிச்சம்.

பிஸ்டலைக் கையில் வாங்கியதும் மேகசினைக் (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள், சேம்பரைக் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, அப்புறம் விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். "காலிதான்" என்று உரிமையாளர் சொன்ன பிறகும் பாருங்கள். காகிதத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். எண் பொருந்துகிறதா, உங்கள் உரிமத்தில் அந்தக் காலிபர் வருமா, உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதெல்லாம். எங்கள் பக்கத்தில் இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தோப்பு கேரளத்தில், சந்தை தமிழ்நாட்டில். கேரளத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் சோதனைச்சாவடி தாண்டும்போது இடுப்பில் அது இருக்கக் கூடாது.

அடுத்தது ஸ்லைடு. குட்டி .45-ல் மென்மைக்குக் கொடுக்கும் விலை இங்கேதான் தெரியும். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் உதை இதமாகத் தெரியும், ஆனால் ஸ்லைடை இழுக்கக் கை வலிக்கும். பத்துத் தடவை இழுக்கச் சொன்னேன். ஏழாவதிலேயே அவன் விரல் வழுக்கியது. பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு இழுக்கச் சொன்னேன். மண்டிக்காரன் கை எப்போதும் அந்த நிலையில்தானே இருக்கும்? இரண்டு தடவை பாதியிலேயே விட்டுவிட்டான். அதைக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் முனையை வானத்தைப் பார்க்கப் பிடித்து, ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து மெதுவாக விடுங்கள். ஸ்பிரிங் தானாகவே அதை முழுதாக மூட வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அழுக்கு சேர்ந்திருக்கலாம். பிரித்து ஸ்பிரிங்கில் மடிப்பு இருக்கிறதா, ஸ்லைடு வந்து முட்டும் இடத்தில் ஃபிரேம் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேரலை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே மோதிரம் போல வளையம் தெரிந்தால் அங்கேயே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோல் உறையிலேயே மழைக்காலம் முழுவதும் வைத்திருந்த துப்பாக்கியில் துருப்புள்ளி இருக்கும். மேலாக இருந்தால் பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

ரப்பர் பஃபர் பற்றி ஒரு வார்த்தை. முன்பு ஒருவர் கொண்டுவந்த குட்டி .45-ல், உதை குறையட்டும் என்று யாரோ ஒரு ரப்பர் வில்லையைச் சொருகியிருந்தார்கள். .45 தோட்டாவின் முழு நீளம் 32 மில்லிமீட்டருக்கும் மேல். குட்டைப் பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் போகும் தூரத்தில் உபரி குறைவு. வில்லை அதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்கவே இல்லை. பிரித்தபோது வில்லை மூன்று துண்டாகி, ஒரு துண்டு ஸ்பிரிங்குக்குள் சிக்கியிருந்தது. உயிரைக் காக்க வைத்திருக்கும் கருவியில் இதைப் பார்த்தபோது எனக்கு மனசு பதறியது. தயாரிப்பாளர் வைக்காத எதையும் உள்ளே விடாதீர்கள்.

சுட்டுப் பார்க்க ரைபிள் கிளப் ரேஞ்சுக்குப் போனோம், உரிமையாளரும் கூட நின்றார். .45 தோட்டா நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அதனால் 50 தோட்டாவுக்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி கட்டாயம். காதுக்கு உள்ளே பிளக், மேலே மஃப், இரண்டும் போடுங்கள். சின்ன பேரலின் சத்தத்தையே பலர் உதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சத்தத்தை அடைத்த பிறகு கை சொல்வதுதான் உண்மை.

முதலில் மேகசினில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு திறந்து நிற்கிறதா? அப்புறம் இரண்டு. ஒரு டிரிகருக்கு இரண்டும் வெடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது தேறிய பிறகு 7 மீட்டரில் நிதானமாக ஐந்து.

இந்த ஐந்தில் மருமகன் முகம் மலர்ந்தது. "நிஜமாவே உதை இல்லை மாமா!" எனக்கு மட்டும் சந்தேகம். தோட்டாப் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 185 கிரெய்ன், இலக்குப் பயிற்சிக்கான மெதுவான தோட்டா. அதன் தள்ளு சாதாரணத் தோட்டாவைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. விற்பவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை, அவரிடம் இருந்தது அதுதான். நாங்கள் கொண்டுபோன 230 கிரெய்ன் தோட்டாவைப் போட்டதும் பிஸ்டல் வேறு ஆளாக மாறியது. எதை நிரப்பி வைத்திருக்கப் போகிறீர்களோ, அதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

முதல் வெடியை எந்தப் பிஸ்டலிலும் குறி பார்த்து அடித்துவிடலாம். குட்டி .45-ன் குணம் இரண்டாவது வெடியில்தான் தெரியும். அதனால் ஐந்து தடவை இரண்டிரண்டாக, சைட் (குறி பார்க்கும் முள்) திரும்பக் குறிக்கு வந்ததும் அடுத்ததை அழுத்தச் சொன்னேன். பக்கவாட்டில் தள்ளி நின்று செல்போனில் மெதுவான படம் எடுத்தேன். நொடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கு 4 மில்லிநொடி. முனை மேலே போய்த் திரும்பும் வரை எத்தனை படம் என்று எண்ணலாம். காகிதத்தையும் பாருங்கள். அவனுடைய முதல் குண்டுகள் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள். இரண்டாவது குண்டுகள் நாலு விரல்கடை மேலே, ஆனால் ஒரே பக்கமாக, ஒன்றாகச் சேர்ந்து விழுந்திருந்தன. அது நல்ல அறிகுறி. பழகினால் கீழே இறங்கும். சிதறியிருந்தால் பிடி கைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஒற்றைக் கையில் மூன்று, மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தி மூன்று. எடை குறைந்த உடலும் கடின ஸ்பிரிங்கும் சேர்ந்த பிஸ்டல் இங்கேதான் சிக்கும். மணிக்கட்டு இளகினால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கேஸ், அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, வெளியேறும் வாயில் நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு ஒன்று மாட்டியது. காலிக் கேஸ்கள் விழும் இடத்தையும் பாருங்கள். காலடியில் விழுந்தால் அந்தத் தோட்டாவுக்கு ஸ்பிரிங் அதிகம், வெகுதூரம் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேகசினை நிறைத்துச் சுடும்போது கடைசி இரண்டு தோட்டாவில் கவனம் வேண்டும். குட்டை ஸ்லைடு வேகமாகத் திரும்புகிறது, அதற்குள் மேகசின் ஸ்பிரிங் அந்தத் தடித்த தோட்டாவை மேலே தூக்கியாக வேண்டும். கிழட்டு மேகசின் அங்கே தோற்கும்.

நாற்பது தாண்டியதும் கையைத் திறந்து காட்டச் சொன்னேன். கட்டைவிரல் இடுக்கில் சிவப்பு, தோல் உரியவில்லை. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை, அது கீழே தொங்கியது. அடிப்பாகம் நீண்ட மேகசின் போட்டதும் முனை எழும்பல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. விலை உயர்ந்த எந்த ஏற்பாட்டையும்விட அந்த ஒரு விரல் அதிக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

உரிமையாளரின் பழைய பெட்டியில் பிரிக்காத ஸ்பிரிங் செட் ஒன்று இருந்தது. அதை மாற்றி, மறுபடி 20 தோட்டா சுட்டோம். சிக்கல் வரவில்லை. ஸ்லைடை உள்ளங்கையால் மேலிருந்து முழுதாகக் கவ்வி, மறு கையால் பிடியை முன்னால் தள்ளி இழுக்கும் முறையை அவனுக்குப் பழக்கினேன். எண்ணெய்க் கையோடு பத்துக்குப் பத்து வந்தது. அதற்குப் பிறகுதான் உரிமையாளரை நோட்டீஸ் எழுதச் சொன்னேன். ஆயுதச் சட்டப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். அந்த 45 நாளும் மருமகன் தினமும் சாயங்காலம் வந்து, என்னிடமிருக்கும் கைப்பிடி ஸ்பிரிங்கை நூறு தடவை அழுத்திவிட்டுப் போனான்.