எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே ஸ்பிரிங் பஃபர்: கழற்ற முடியாதபடி வரைந்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் நீராவி எஞ்சின்களின் காலம் என்றோ முடிந்துவிட்டது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது அதை இழுத்ததும் டீசல் எஞ்சின்தான். இருந்தாலும் இயந்திரப் பொறியியல் படிக்கும் தம்பிமார், வார இறுதியில் சிறிய நீராவி எஞ்சின் கட்டும் ஆர்வலர்கள், பழைய எஞ்சின்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறைக்காரர்கள் என்று யாராவது ஒருவர் இந்த பஃபரின் வரைபடத்தை நீட்டி, “இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே” என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஸ்பிரிங் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை ஒருவர் எப்படிக் கழற்றுவார் என்ற யோசனைதான் இருக்காது.

கழற்றும் கதைக்குப் போகுமுன், அந்த இடத்தில் பஃபருக்கு என்ன வேலை என்பதைப் பார்த்துவிடலாம். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எரிபொருளையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு எஞ்சினுக்குப் பின்னால் வருவது டெண்டர். இரண்டையும் இணைப்பது டிராபார் என்ற தடித்த இரும்புத் தண்டு. இரு முனையிலும் பெரிய பின் கோத்திருக்கும். அது முறிந்தால் தாங்கிக்கொள்ள இரு பக்கமும் பாதுகாப்பு இணைப்புகள். டெண்டரின் முன்விட்டத்தில், அதாவது முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில், இருக்கும் ஸ்பிரிங் பஃபர், எஞ்சினின் பின்பக்கம் பதித்த உராய்வுத் தகட்டை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். டிராபார் டெண்டரை இழுத்துப் பிடிக்கிறது, பஃபர் அதைத் தள்ளுகிறது. இரண்டும் எதிரெதிராக நிற்பதால் டிராபார் எப்போதும் விறைப்பாகவே இருக்கும்.

இந்த விறைப்பு எதற்கு? இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனும் தண்டுகளும் முன்னும் பின்னும் போய்வரும்போது, சக்கரம் ஒருமுறை சுற்றினால் எஞ்சின் ஒருமுறை முன்பின்னாக உலுக்கும். டிராபார் பின்னில் அரை மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் போதும், சுற்றுக்குச் சுற்று அங்கே சம்மட்டி அடி விழும். கொஞ்ச நாளில் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். ஆரம்ப அழுத்தம் அந்த உலுக்கு விசையைவிடக் கூடுதலாக இருக்கும்வரை தளர்வு திறக்காது. அதோடு, தகட்டில் பஃபர் உராய்வதால் எஞ்சின் இடமும் வலமும் அலைவதும் அடங்கும்.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் பெட்டிகளின் கோடியில் இருக்கும் பஃபர் மாதிரியே இதையும் வரைகிறார்கள். ‘லேசாகத் தொட்டால் போதும், மோதும்போது தாங்கும்’ என்பது அவர்கள் கணக்கு. ஆரம்ப அழுத்தம் பூஜ்யமாக இருக்கும் பஃபர் அங்கே இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

வளைவை மறந்த கணக்கு

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கம்பித் தடிமன் 30 மில்லிமீட்டர், சுருளின் சராசரி விட்டம் 120, வேலை செய்யும் சுற்றுகள் 5. இந்த எஃகு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஏறக்குறைய 925 நியூட்டன் வேண்டும். 25 மில்லிமீட்டர் அமுக்கிப் பொருத்தினால் 23 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2.3 டன். இரண்டு பஃபர் என்றால் எஞ்சின் சும்மா நிற்கும்போதே டிராபாரில் 46 கிலோநியூட்டன் இருக்கும். நேர்ப்பாதையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

இனி வளைவுக்குப் போங்கள். எஞ்சினும் டெண்டரும் ஒன்றுக்கொன்று 3 டிகிரி திரும்புகின்றன, பஃபர்கள் நடுக்கோட்டிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்று கொள்வோம். உள்பக்க பஃபர் 21 மில்லிமீட்டர் கூடுதலாக அமுங்கும், வெளிப்பக்கத்தது அதே 21 நீளும். ஆரம்ப அமுக்கம் 25 என்றால் வெளிப்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது, தப்பித்தோம். யாரோ ஒருவர் பொருத்துவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அதை 15 ஆகக் குறைத்திருந்தால், வளைவுதோறும் அந்த பஃபர் தகட்டைவிட்டு விலகி, நேர்ப்பாதைக்கு வரும்போது திரும்பவும் வந்து அடிக்கும். உள்பக்கத்திலோ 25உம் 21உம் சேர்ந்து மொத்த அமுக்கம் 46 மில்லிமீட்டர். செயலற்ற முனைச் சுற்றுகளையும் சேர்த்து 7 சுற்று, முழுக்க ஒட்டினால் 210 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்தாலே 256, கொஞ்சம் இடைவெளியும் விடவேண்டும். ஆகவே ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் 270க்குக் குறையக்கூடாது. சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்ட ஸ்பிரிங் ஸ்பிரிங்கே அல்ல, இரும்புக் கட்டை. அப்போது வளைவில் எஞ்சினை டெண்டர் நெம்பும், சக்கர விளிம்பு தண்டவாளத்தைத் தேய்க்கும்.

மலாயா ரயில்வேக்குக் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டிக்கொடுத்த 56 வகை எஞ்சின்கள் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். அந்த அகலத்தில் பஃபர்களை நடுக்கோட்டுக்கு நெருக்கி வைத்தே ஆகவேண்டும், அதனால் அமுக்க வித்தியாசமும் குறையும். அகலமான பாதைக்கு வரைந்ததை அப்படியே எடுத்து, 600 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் அதே 3 டிகிரிக்கு 31 வரும். ஒரு பாதையின் வரைபடம் இன்னொன்றுக்குப் பொருந்தாது, கணக்கைப் புதிதாகத்தான் போடவேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் கம்பெனி இந்தத் தலைவலியை வேறு மாதிரி தீர்த்தது: நடுவில் ஒரே பஃபர், வளைந்த முகங்கள், தேய்மானத்தைத் தானாக ஈடுகட்ட ஸ்பிரிங் தள்ளும் ஆப்பு. இட நெருக்கடி இல்லை என்றால் நான் அந்த வழிக்குத்தான் ஓட்டுப்போடுவேன்.

சிறிய எஞ்சின் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டில் ஒரு பங்கு அளவில் எல்லாவற்றையும் சுருக்கும்போது ஸ்பிரிங்கையும் சுருக்கிவிடுகிறார்கள். எடை 512இல் ஒரு பங்காகக் குறைகிறது, ஸ்பிரிங் விசையோ 64இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. எடையோடு ஒப்பிட்டால் உங்கள் பஃபர் எட்டு மடங்கு முரடாகிவிட்டது. சின்ன எஞ்சின் வளைவில் தடம் புரண்டால் தண்டவாளத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சுவிட்ச் இல்லாத ஆபத்து

இங்கே ஜூரோங், துவாஸ் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு லாக்அவுட்-டேக்அவுட், அதாவது வேலைக்கு முன் இயந்திரத்தின் சக்தியைத் துண்டித்துப் பூட்டும் முறை, பற்றிச் சொல்லவேண்டியதில்லை, டூல்பாக்ஸ் மீட்டிங்கில் காது புளிக்கக் கேட்டிருப்பார்கள். மின்சாரத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் பூட்டுப் போட இடம் உண்டு. அமுக்கிய ஸ்பிரிங்குக்குச் சுவிட்ச் கிடையாது. நம் உதாரண ஸ்பிரிங்கில் 25 மில்லிமீட்டர் அமுக்கத்தில் இருப்பது 290 ஜூல், கிட்டத்தட்ட 30 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. இந்த ஆற்றலை அடக்கி வைக்கும் மூடியை நான்கு குட்டை போல்ட்டால் இறுக்கியிருக்கும் வரைபடங்கள் இன்றும் வருகின்றன. ஃபிட்டர் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கடைசி போல்ட்டின் கடைசி மரை விடும்போது மூடிக்கு நேரே அவர் முகம் இருக்கும்.

மாற்றுவழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. பஃபர் தண்டின் வாலில் எம்24 (24 மில்லிமீட்டர்) மரையிட்ட துளை ஒன்று. சாதாரண நாளில் அதில் கிரீஸ் தடவிய அடைப்பு இருக்கும். வேலை என்று வந்தால், ஸ்பிரிங்கை மூடியிருக்கும் கூட்டின் பின்தகடு வழியாக ஒரு நீளமான இழுபோல்ட்டைச் செலுத்தி முறுக்குவது. எம்24இன் மரை இடைவெளி 3 மில்லிமீட்டர், ஆக இரண்டு சுற்றுக்குள் தண்டு 5 மில்லிமீட்டர் பின்வாங்கித் தகட்டைவிட்டு விலகிவிடும். மறுபக்கமும் அப்படியே. உடனே டிராபாரில் இருந்த 46 கிலோநியூட்டன் போய்விடுகிறது, சம்மட்டி கொண்டு அடிக்க வேண்டியிருந்த பின் அலுங்காமல் மேலே வரும். ஸ்பிரிங் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் மொத்தமாக வெளியே எடுத்து, மேசையில் வைத்துத் தளர்த்தலாம்.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, போல்ட்டின் நீளம். பொருத்தும்போது அமுக்கிய 25உம் பின்வாங்கிய 5உம் போக ஸ்பிரிங் 240இல் நிற்கும். அது 270க்கு நீள 30 மில்லிமீட்டர் வேண்டும், அதாவது 10 சுற்று. அந்தப் பத்துச் சுற்றும் முடிந்து ஸ்பிரிங் செத்துக் கிடக்கும்போதும் தண்டுக்குள் போல்ட் குறைந்தது 25 மில்லிமீட்டர் பிடித்திருக்க வேண்டும். ஆகவே அமுக்கிய நிலையில் 55 மில்லிமீட்டர் பிடி, துளையின் ஆழம் 65. வரைபடத்தில் ‘எம்24 துளை’ என்று மட்டும் எழுதி ஆழத்தை விட்டுவிட்டால், பட்டறையில் தன் பழக்கத்துக்கு 40 போட்டுக் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று சிரிப்பை வரவழைக்கும், ஆனால் அடிக்கடி நடக்கும். போல்ட்டைத் திருப்பினால் பஃபர் தண்டும் கூடவே சுழலும்! தண்டு உருண்டை, துளை உருண்டை, சுழலாமல் தடுக்க எதுவுமில்லை. தண்டில் ஒரு காடி வெட்டி, சாவி என்ற சிறு இரும்புக் கட்டையைப் போடுங்கள், அல்லது வால் பக்கம் இரண்டு தட்டை முகம் எடுங்கள். அரை மணி நேர மில்லிங் வேலைதான்.

இழுபோல்ட்டை ஓட்டத்தின்போது உள்ளேயே விட்டுவைக்கும்படி வரையாதீர்கள். அதன் தலை பின்தகட்டில் மாட்டினால் வளைவில் வெளிப்பக்க பஃபர் நீள முடியாது. கருவிப் பெட்டியில் கிடக்கட்டும், சிவப்புச் சாயம் அடித்து வையுங்கள், யாரும் வேறு வேலைக்கு எடுக்கமாட்டார்கள்.

வெளியே வர வழி

கூட்டின் நீளம் 350 மில்லிமீட்டர். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி 200. முன்பக்கமாக எடுக்க முடியாது என்பதைச் சொல்லக் கணினி தேவையில்லை, ஆனாலும் கணினித் திரையில் முன்பக்கமாகத்தான் அழகாக நகர்ந்து வெளியே வருகிறது, ஏனென்றால் அந்தக் கோப்பில் எஞ்சின் இல்லை. பின்பக்கமாக எடுக்கலாம் என்றால் முன்விட்டத்துக்கும் அடுத்த குறுக்குச் சட்டத்துக்கும் இடையே என்ன போகிறது? பிரேக் தண்டு, தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய். எம்24 போல்ட்டின் தலைக்கு 36 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், அது திரும்ப இடம் வேண்டும், பிடிக்கும் கைக்கும் இடம் வேண்டும். ஸ்பிரிங் மட்டுமே 14, 15 கிலோ. கூட்டும் தண்டும் சேர்ந்தால் ஒருவர் படுத்தபடி தாங்குகிற எடை இல்லை. கூட்டின் மேலே எம்12 துளை ஒன்று இருந்தால் வளையம் மாட்டிச் செயின் பிளாக்கில் தொங்கவிடலாம். அந்தத் துளைக்கு நேர் மேலே கேபின் தரையில் தூக்கியெடுக்கும் பலகை ஒன்றும் வேண்டும். இந்தப் பலகையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இடது, வலது என்று இரண்டு விதமான கூடு வரைவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒரே பாகம் இரு பக்கமும் போகட்டும்.

தண்ணீரும் தூசியும்

டெண்டரில் தண்ணீர் நிரப்பும்போது வழிவது பஃபர் பக்கம்தான் வரும், கரித்தூளும் அங்கேதான் விழும். கிரீஸில் கரித்தூள் கலந்தால் அரம் போட்டுத் தேய்த்தது மாதிரிதான். கூட்டின் அடியில் வடிகால் துளை, தண்டு நகர்வதற்குக் கழற்றி மாற்றக்கூடிய வெண்கலப் புஷ் (உள்வளையம்), கிரீஸ் கன் எட்டும் பக்கம் நோக்கிய நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்), இவை மூன்றும் இல்லாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் எஃகுக்குள் எஃகு தண்டைப் போட்டு ஒரு வருடம் நிறுத்திவைத்தால், பிறகு கேஸ் கட்டர்தான் பேசும். துருவுக்குப் பயந்து ஸ்பிரிங்குக்கு எலக்ட்ரோபிளேட்டிங் கேட்பவர்களும் உண்டு. வலு மிகுந்த எஃகுக்குள் அந்த வேலையில் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். உடனடியாகச் சூளையில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் ஸ்பிரிங் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பெயின்ட் போதும்.

டெண்டரில் 20,000 லிட்டர் தண்ணீர் தீர்ந்தால் 20 டன் இறங்கிவிடும், சட்டம் மேலே எழும்பும். உராய்வுத் தகட்டின் உயரம் நிரம்பிய நிலைக்கும் காலி நிலைக்கும் சேர்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஃபர் தலை விளிம்பில் தொத்திக்கொள்ளும். தலை சற்றுக் குவிந்திருக்கட்டும். தகடு, தலை இரண்டில் ஒன்று மட்டும் கடினமாக இருந்தால் போதும். மென்மையான பக்கம் எதுவோ அதை நான்கு திருகில் மாற்றும்படி வையுங்கள். தேய்ந்த அளவுக்கு ஈடுகட்டும் தகடுகளை முழு வளையமாக வெட்டாமல் ஒரு பக்கம் திறந்த வடிவில் வெட்டினால், எதையும் கழற்றாமல் பக்கவாட்டில் செருகலாம்.

கடைசியாக, ஸ்பிரிங் வாங்கும் விஷயம். கம்பித் தடிமன், விட்டம், சுற்று எண்ணிக்கை, இயல்பு நீளம், நான்கையும் கூட்டின் மீதே ஒரு தகட்டில் பொறித்துவிடுங்கள். பதினைந்து வருடம் கழித்து வரைபடம் எந்த அலமாரியில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஸ்பிரிங் சுற்றிக் கொடுப்பவரிடம் 30 கம்பி கையிருப்பு இல்லாமல் 28இல் சுற்றிக் கொடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு போவதால் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். ஆகவே வந்ததும் காலிப்பர் வைத்து அளந்துவிட்டு, பிரஸ்ஸில் வைத்து 25 மில்லிமீட்டர் அமுக்கிப் பாருங்கள். மீட்டர் 23 கிலோநியூட்டனுக்குப் பதிலாக 17, 18 காட்டினால், பில்லில் கையெழுத்துப் போடாமல் வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புங்கள்.