செம்பருத்தி மொட்டு உதிர்ந்ததற்குக் காரணம் தொட்டியின் அடித்தட்டு

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் எங்கள் மாடித்தொட்டிச் செம்பருத்தியின் இலைகள் நுனியில் தொடங்கி ஓரமாகக் கருகின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. வேப்பெண்ணெய் தெளித்தும் பலனில்லை. மண்புழு உரமும் உதவவில்லை. கச்சான் என்னும் மேல்காற்றுதான் காரணம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆனால் காற்றுப் படாத பக்கத்து இலையும் கருகியிருந்தது.

அப்புறம்தான் தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு கண்ணில் பட்டது. நாக்கில் வைத்தால் கரித்தது. போர் தண்ணீரின் உப்பு! வடிந்த நீர் அடித்தட்டில் தேங்க, மண் அதையே திரும்ப உறிஞ்சியிருக்கிறது.

தட்டை எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, அதன் கொள்ளளவைப்போல் இருமடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டேன். புதுத் துளிர் கருகாமல் வந்தது, மொட்டும் விரிகிறது, பெரிய நிம்மதி. கருகிய பழைய இலை மட்டும் மறுபடி பச்சையாகாது.