டெல்ஃபியில் பல ஆப்ஜெக்ட்டுகளைக் கசிவில்லாமல் விடுவிப்பது எப்படி?

டெல்ஃபி என்ற நிரல்மொழியில் கிரியேட் சொல்லி உருவாக்கிய ஆப்ஜெக்ட்டை நாம்தான் ஃப்ரீ சொல்லி விடுவிக்க வேண்டும். நடுவில் எக்ஸெப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) கிளம்பினால் ஓட்டம் அந்த ஃப்ரீ வரிக்கே போகாது, மெமரி கசியும், அதாவது விடுவிக்கப்படாமல் வீணாகக் கிடக்கும். ட்ரை–ஃபைனலி இருப்பது இதற்காகத்தான்: ட்ரைக்குள் பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஃபைனலிக்குள் எழுதியது ஓடும்.

படி 1: ஒரே ஆப்ஜெக்ட் என்றால் கிரியேட் வரியை ட்ரைக்கு முன்னால் எழுதுங்கள், ஃப்ரீயை ஃபைனலிக்குள் வையுங்கள். கன்ஸ்ட்ரக்டரே (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கிரியேட்) தோற்றுப்போனால், பாதியில் நின்ற ஆப்ஜெக்ட்டை டெல்ஃபியே அழித்துவிடும். நாம் விடுவிக்க எதுவும் இருக்காது.

படி 2: இரண்டு, மூன்று என்று கூடும்போது ட்ரைக்குள் ட்ரை எழுதலாம். சரியான வழிதான், ஆனால் குறியீடு வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். நான் பரிந்துரைப்பது இதை (நில் என்பது nil, எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டாத காலி மதிப்பு):

பட்டியல் := நில்;
கோப்பு := நில்;
ட்ரை
  பட்டியல் := டிஸ்ட்ரிங்லிஸ்ட்.கிரியேட்;
  கோப்பு := டிஃபைல்ஸ்ட்ரீம்.கிரியேட்(பெயர், முறை);
  பட்டியல்.லோட்ஃப்ரம்ஸ்ட்ரீம்(கோப்பு);
ஃபைனலி
  கோப்பு.ஃப்ரீ;
  பட்டியல்.ஃப்ரீ;
எண்ட்;

முதல் இரண்டு வரிகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு புரொசீஜருக்குள் அறிவித்த ஆப்ஜெக்ட் மாறிகளை டெல்ஃபி தானாகக் காலி செய்வதில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு மதிப்பு இருக்கும். திறக்க வேண்டிய கோப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கிரியேட் எக்ஸெப்ஷன் எழுப்பும், ஓட்டம் நேராக ஃபைனலிக்குத் தாவும். கோப்பு நில்லாக இருப்பதால் ஃப்ரீ அதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிவிடும்; பட்டியல் ஒழுங்காக விடுபடும். நில் வைக்காமல் விட்டிருந்தால், ஏதோ ஒரு முகவரியை ஃப்ரீ அழிக்கப் போய் அக்சஸ் வயலேஷன் (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) வரலாம். உண்மையான பிழைச் செய்தி அதில் மறைந்துபோகும். ஃப்ரீக்குப் பதில் டெஸ்ட்ராயை நேரடியாக அழைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்: நில்லா என்று பார்க்கும் வேலையை ஃப்ரீதான் செய்கிறது.

கடைசியாக உருவாக்கியதை முதலில் விடுவியுங்கள். ஒன்று இன்னொன்றை நம்பியிருந்தால் இந்த வரிசை முக்கியம். அப்புறம், டெஸ்ட்ரக்டரிலிருந்து (ஆப்ஜெக்ட்டை அழிக்கும் டெஸ்ட்ராய்) எக்ஸெப்ஷன் வெளியே வர விடாதீர்கள். வந்தால் அடுத்த ஃப்ரீ ஓடாது.

படி 3: ஃபைனலி பிழையை விழுங்காது, மேலே அனுப்பிவிடும். பயனருக்குச் செய்தி காட்ட வேண்டுமானால் இந்த முழுத் துண்டையும் வெளியே, பிழையைப் பிடிக்கும் ஒரு ட்ரை–எக்செப்ட்டால் சுற்றுங்கள்.

படி 4: விண்டோஸில் நிரலின் தொடக்கத்தில் ரிப்போர்ட்மெமரிலீக்ஸ்ஆன்ஷட்டவுன் என்பதை ட்ரூ ஆக்கி, இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஏதாவது கசிந்திருந்தால் நிரலை மூடும்போது பட்டியலாக வந்து நிற்கும்.