ஒரே நாட்டில் எச்.ஐ.வி. விகிதம் இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது: இந்தியப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ளோரில் 0.21 விழுக்காட்டினர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கின்றனர். அதே மதிப்பீட்டில் மிசோரமின் விகிதம் 2.70. நாகாலாந்தில் 1.36, மணிப்பூரில் 1.05, ஆந்திரப் பிரதேசத்தில் 0.67, தெலங்கானாவில் 0.47, கர்நாடகத்தில் 0.46 என்று பட்டியல் இறங்கி வருகிறது. நாட்டின் சராசரியைப் போல ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு ஒரு சிறிய மலை மாநிலத்தில் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, அந்த மாநிலத்தாரின் ஒழுக்கத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் மிசோரம் கிறித்தவத் திருச்சபைகளின் செல்வாக்கு மிகுந்த மாநிலம். மதுவிலக்கை நீண்ட காலம் கடைப்பிடித்த மாநிலமும்கூட. ஒழுக்கத்தைக் கொண்டு வரைபடத்தை விளக்க முயல்பவர் முதல் வரியிலேயே தடுமாற வேண்டியிருக்கும். மாவட்ட சுகாதாரத் திட்டம் தயாரிப்போர், செய்தி எழுதுவோர், பொது சுகாதாரம் பயிலும் மாணவர்கள் ஆகியோர் இத்தகைய வேறுபாட்டை எந்த வரிசையில் ஆராய வேண்டும் என்பதை இந்தியாவின் நிலவரத்தைக் கொண்டே இங்கு விளக்குகிறேன்.

எந்த எண் என்று முதலில் கேளுங்கள்

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. தொற்றுள்ளோரின் எண்ணிக்கையில் முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு. அங்கு ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் தொற்றுடன் வாழ்கின்றனர். மிசோரமின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் பதினோரு லட்சத்தைத் தொடவில்லை. 2019 மதிப்பீட்டில் உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் தொற்றுள்ளோர் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே, ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலாக இருந்தது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மருந்து கொள்முதலுக்கும் மருத்துவர் நியமனத்துக்கும் எண்ணிக்கை வேண்டும். தொற்று எங்கே செறிந்திருக்கிறது என்று அறிய விகிதம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதன் முடிவைச் சொல்லக் கூடாது.

அடுத்ததாக, ஒரு குறிப்பிட்ட காலத்தில் தொற்றுடன் வாழ்வோர் அனைவரின் விகிதத்தையும், ஓராண்டில் புதிதாகத் தொற்றுக்குள்ளானோரின் விகிதத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவதில் இருபது ஆண்டுகளுக்கு முன் தொற்று ஏற்பட்டு, மருந்து உட்கொண்டு நலமாக இருப்பவரும் அடங்குவார். இரண்டாவதில் அவர் இல்லை. மூன்றாவதாக ஓர் எண் அடிக்கடி குழப்பம் விளைவிக்கிறது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் வழங்கும் நம்பிக்கை மையங்களில் பரிசோதித்துக்கொண்டவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குத் தொற்று உறுதியானது என்பதே அது. அம்மையங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிக்கும் மாவட்டத்தில் அது தானாகவே குறையும். காசநோயாளிகளும் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் மட்டும் அனுப்பப்படும் மாவட்டத்தில் கூடும். மக்களிடையே உள்ள தொற்று விகிதமாக அதை எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

இந்தியாவின் மாநில விகிதங்கள் நேரடியாக எண்ணி எடுக்கப்பட்டவை அல்ல. கண்காணிப்பு ஆய்வு, குடும்பநல ஆய்வு, சிகிச்சைப் பதிவுகள் முதலியவற்றை ஒரு கணித மாதிரிக்குள் செலுத்திப் பெறப்படும் மதிப்பீடுகள் அவை. இவற்றுள் கண்காணிப்பு ஆய்வே முதுகெலும்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மகப்பேறு முன்கவனிப்பு மையத்தில், சுமார் மூன்று மாதங்களுக்குள் வரிசையாக வரும் 400 கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன.

இந்த 400 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தால் விகிதம் 0.25, இருவருக்கு இருந்தால் 0.50. "ஒரே சுற்றில் தொற்று இரட்டிப்பு" என்று எழுதப்படும் செய்திக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் கூடுதலாக இருக்கலாம். உண்மையான விகிதம் 0.25 ஆகவே இருக்கும் ஒரு மாவட்டத்தில், இதே ஆய்வை மீண்டும் மீண்டும் நடத்தினால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முறைகளில் ஒருவரிடம்கூடத் தொற்று தென்படாது. நூற்றில் எட்டு முறை மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தென்படுவர். அதாவது, எந்த மாற்றமும் நிகழாத மாவட்டமே ஒரு சுற்றில் பூஜ்யமாகவும் மறு சுற்றில் 0.75 ஆகவும் தோன்ற முடியும். ஆகவே ஒரு மையத்தின் ஒரு சுற்றை வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்தாதீர்கள். மூன்று நான்கு சுற்றுகளைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது அண்டை மாவட்டங்களைத் தொகுத்துப் பாருங்கள்.

அளக்கும் முறை மாறினால் நாட்டின் எண்ணே மாறிவிடும் என்பதற்கு 2007 சான்று. அதுவரை இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருப்பதாகக் கூறப்பட்டது. 2005-06-ஆம் ஆண்டின் மூன்றாம் தேசிய குடும்பநல ஆய்வில் வீடுகளிலேயே இரத்த மாதிரி எடுக்கப்பட்டது. கண்காணிப்பு மையங்களும் பெருகின. அதன்பின் மதிப்பீடு ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. பாதிப் பேர் குணமாகிவிடவில்லை. அரசு மருத்துவமனைகளில் கிடைத்த விகிதத்தை ஊர் முழுவதற்கும் விரித்துப் பார்த்ததில் இருந்த மிகைதான் விலகியது.

இதே காரணத்தால், இரு வேறு வெளியீடுகளின் எண்களை அருகருகே வைத்து ஏற்ற இறக்கம் பேசவும் கூடாது. 2019 வெளியீட்டில் மிசோரமுக்கு 2.32, 2021 வெளியீட்டில் 2.70. ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய ஆண்டுகளின் எண்களும் புதிதாகக் கணக்கிடப்படுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு முழுவதையும் புதிய தொற்று என்று கொள்ள இயலாது. போக்கை அறிய வேண்டுமானால் ஒரே வெளியீட்டில் உள்ள காலவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் பரவியது

எண்ணைச் சரிபார்த்த பிறகும் வேறுபாடு எஞ்சி நின்றால், பரவும் வழியைத் தேடுங்கள். வடகிழக்கையும் தென்னிந்தியாவையும் பிரிப்பது இதுவே. தொற்றுள்ளவர் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் ஒரு முறை பயன்படுத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 63; பாதுகாப்பற்ற பாலுறவு ஒன்றில் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 8. ஊசியைப் பகிர்வோர் ஒரே நாளில் பல முறை பகிரக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அவ்வழியில் தொற்று மாதக் கணக்கில் நிகழ்த்துவதைப் பாலுறவு வழித் தொற்று ஆண்டுக் கணக்கில்தான் நிகழ்த்தும் என்பது விளங்கும். மணிப்பூரில் அப்படித்தான் நடந்தது. மியான்மரை ஒட்டிய மோரே வழியாகத் தூய ஹெராயின் மலிவாக வந்து சேர்ந்த நிலையில், 1989-ன் இறுதியில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்த சில மாதங்களுக்குள் சோதிக்கப்பட்ட அத்தகையோரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. ஊசி வைத்திருப்பதே காவல்துறைக்குச் சந்தேகத்தைத் தரும் என்னும்போது, ஒளித்து வைத்த ஓர் ஊசியைப் பலர் பகிர்வது இயல்பாகிவிடுகிறது. தண்டனைக்கான அச்சமும் இங்கு ஒரு பரவல் காரணி.

மிசோரமும் மியான்மர் எல்லையில் இருக்கும் மாநிலமே. அங்கு ஹெராயினுடன், வலிநிவாரண கேப்சூலுக்குள் உள்ள தூளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் வழக்கமும் பரவியிருந்தது. ஆயினும் ஊசியோடு கதை முடிவதில்லை. ஊசி பகிர்ந்தவர்களின் மனைவியரும் துணைவர்களும் அடுத்து தொற்றுக்குள்ளாகின்றனர். சிறிய மக்கள்தொகையில் அந்தச் சங்கிலி விரைவாகப் பொது மக்களை எட்டுகிறது. மிசோரமில் அண்மைக் காலத்தில் பதிவாகும் தொற்றுகளில் பெரும்பகுதி பாலுறவு வழியே ஏற்படுவது இதனால்தான். ஆகவே தற்போதைய வழியை மட்டும் பார்ப்பவருக்குத் தொடக்கம் தெரியாது. தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர் இன்றைய பெண்களுக்கான திட்டத்தை மறந்துவிடுவார். இரண்டையும் தனித்தனியே எழுதிவையுங்கள்.

தெற்கில் வலைப்பின்னல் வேறு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், அன்றைய சென்னை மருத்துவக் கல்லூரியில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த மாதிரிகளில் அது தெரியவந்தது. இங்கு தொற்று பாலியல் தொழில், அதன் வாடிக்கையாளர்கள், அவர்களுடைய மனைவியர் என்ற வரிசையில் நகர்ந்தது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடலோர ஆந்திர மாவட்டங்கள், தேவதாசி முறை நீடித்த வட கர்நாடகத்தின் பாகல்கோட்டை, பெலகாவி, அதை அடுத்த மகாராஷ்டிரத்தின் சாங்லி, தமிழ்நாட்டில் லாரித் தொழிலின் தலைமையிடமான நாமக்கல் ஆகியவை அதிக விகிதம் பதிவான இடங்கள். வறுமை இதற்குப் போதிய விளக்கமாகாது. கடலோர ஆந்திரமும் நாமக்கல்லும் வறண்ட மூலைகள் அல்ல. பணமும் வாகனமும் ஓடும் இடங்கள். ஏழ்மை மிகுந்த பீகாரின் விகிதம் இவற்றைவிடக் குறைவு.

2017 கண்காணிப்பு ஆய்வில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்வோரிடையே 6.26, திருநங்கையரிடையே 3.14, ஆணுடன் பாலுறவு கொள்ளும் ஆண்களிடையே 2.69, பெண் பாலியல் தொழிலாளர்களிடையே 1.56, நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களிடையே 0.86, தனியாகப் புலம்பெயரும் ஆண் தொழிலாளர்களிடையே 0.51 என்று விகிதங்கள் பதிவாயின. உங்கள் மாவட்டத்தில் இக்குழுக்கள் எவ்வளவு பெரியவை, அவற்றுக்கும் பொது மக்களுக்கும் இடையே எத்தகைய தொடர்பு உள்ளது என்ற இரண்டும் தெரிந்தாலே பெரும்பாலான வேறுபாடு விளங்கிவிடும்.

வேறு நாட்டுக்குப் பொருந்தும் விளக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவரவும் கூடாது. ஆண் சுன்னத்து, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவும் வாய்ப்பை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைக்கிறது. கென்யாவில் அவ்வழக்கம் இல்லாத லுவோ மக்கள் வாழும் விக்டோரியா ஏரிக்கரைப் பகுதிக்கும், அது அனைவரிடமும் உள்ள வடகிழக்குப் பகுதிக்கும் இடையிலான பெரும் வேறுபாட்டில் அதற்குப் பங்குண்டு. இந்தியாவிலோ உத்தரப் பிரதேசத்திலும் மிசோரமிலும் பெரும்பாலான ஆண்கள் அவ்வழக்கம் அற்றவர்களே. இங்கு அக்காரணி பெரிதாக எதையும் பிரித்துக் காட்டாது.

யாருடைய கணக்கில் சேர்கிறது

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து ஆண்கள் சூரத்தின் விசைத்தறிகளுக்குப் போகின்றனர். தொற்று சூரத்தில் ஏற்பட்டாலும், உடல்நலம் குன்றும்போது அவர்கள் ஊர் திரும்புகின்றனர். மனைவியின் பரிசோதனையும் கஞ்சத்திலேயே நடக்கிறது. கணக்கு ஒடிசாவில் ஏறுகிறது, தடுப்புப் பணி தேவைப்படுவதோ குஜராத்திலும். புலம்பெயர்வு மிகுந்த மாவட்டத்தை ஆராய்வோர், ஆண்கள் செல்லும் ஊரின் நிலவரத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

காலமும் சிகிச்சையும்

இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில் சில அரசு மையங்களில் தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. மருந்து கிடைத்தால் மனிதர் வாழ்வார். வாழ்ந்தால் தொற்றுள்ளோர் விகிதத்தில் நீடிப்பார். எனவே சிகிச்சை நன்கு நடக்கும் மாநிலத்தில், புதிய தொற்று குறைந்த பின்னும், விகிதம் மெதுவாகவே இறங்கும். மருந்தின்றி மக்கள் மடியும் இடத்தில் அது விரைந்து இறங்கும். குறைந்த விகிதத்தைக் கண்டவுடன் பாராட்டுமுன், அங்கு எய்ட்ஸ் தொடர்பான இறப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளம் வயதினரின் விகிதம் இதில் நல்ல துணை: 15 முதல் 24 வயதுடையோருக்குத் தொற்று ஏற்பட்டு அதிக காலம் ஆகியிருக்காது என்பதால், அவர்களின் விகிதம் புதிய பரவலுக்கு நெருக்கமானது. தென் மாநிலங்களில் அவ்வயதுக் கர்ப்பிணிகளிடையே 2000-ல் 1.7 விழுக்காடாக இருந்தது 2004-ல் 1.1 ஆகக் குறைந்தது, தடுப்புப் பணி பலனளித்ததற்கான தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. தமிழ்நாடு 1994-லேயே இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்ததையும், மணிப்பூர் 1996-ல் ஊசி மாற்று (பயன்படுத்திய ஊசிக்குப் பதில் புதிய ஊசி தருவது) போன்ற தீங்கு குறைப்பு முறைகளை மாநிலக் கொள்கையில் சேர்த்ததையும் காலவரிசையில் குறித்துக்கொண்டால், வளைவு எங்கே திரும்பியது என்பதை ஊகிக்காமல் ஒப்பிடலாம்.

மாவட்டத்துக்குக் கீழே இறங்கும்போது ஓர் எல்லை உண்டு. ஒன்றியம், ஊராட்சி அளவில் எண்கள் மிகச் சிறியவையாகி, மூன்று பேர் என்று எழுதினாலே அந்த மூவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய அட்டவணையைத் திட்டப் பணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியிடும் அறிக்கையில் மாவட்ட அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.