மார்பில் பஞ்சு வைத்த கோட்டு: உள்துணியைத் தைப்பது எப்படி

19ஆம் நூற்றாண்டுக் கோட்டு ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பேன். தைத்தவரின் கை அங்கேதான் தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து (1861–65) வடபடை அதிகாரிகளின் கருநீல நீளக் கோட்டுகளைப் பாருங்கள். மார்பில் கறுப்பு அல்லது கரும்பச்சை உள்துணி, அதில் வரிவரியாகத் தையல், உள்ளே பஞ்சு. கைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பருத்தி. சாதாரண மக்களின் கோட்டுகளிலும் இதே வேலைப்பாடு உண்டு.

குளிருக்கு இதமாக இருந்தாலும், இந்தப் பஞ்சின் முக்கிய வேலை நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவது. தோளுக்குக் கீழே, கைக்குழிக்கு (கோட்டில் கை இணையும் வளைவுக்கு) சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு பள்ளம் இருக்கும். கோட்டு அங்கேதான் உள்வாங்கி மடிப்பு விழும். பஞ்சு அங்கே கனமாகவும், இடுப்பை நெருங்க நெருங்கத் தேய்ந்து இல்லாமலும் போக வேண்டும். இந்த மாதிரி நான் தைத்த முதல் கோட்டில் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் வைத்துவிட்டேன். நெஞ்சில் பலகையைக் கட்டியதுபோல இருந்தது. முழுவதையும் பிரித்தேன்.

பருத்திப் பஞ்சே வாங்குங்கள். பாலியஸ்டர் பஞ்சு அமுங்காமல் உப்பிக்கொண்டே இருக்கும். மெல்லிய மல்துணி மேல் மூன்று அடுக்குகளாகப் பரப்புங்கள்: பள்ளத்துக்கு உள்ளங்கை அளவு, அதன் மேல் இன்னும் பெரியது, கடைசியில் மார்பு முழுவதும் மூடும் அளவு. ஓரங்களைக் கத்தரியால் வெட்டாதீர்கள். விரலால் மெல்லப் பிய்த்து, சிலந்தி நூல் போல மெலிய விடுங்கள். வெட்டிய ஓரம் கோட்டின் வெளிப்புறக் கம்பளித் துணியில் கோடாகத் தெரியும். நான் ஒரு அடுக்குக்குக் கால் மணி நேரம் கூட எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் உள்துணி. சுற்றிலும் இரண்டு அங்குலம் அதிகமாக விட்டு வெட்டுங்கள், ஏனென்றால் தையல் ஏற ஏறத் துணி சுருங்கும். பஞ்சின் மேல் விரித்து, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூலோட்டுங்கள். சாக்பீஸால் ஒரு அங்குல இடைவெளியில் கோடு போட்டு, நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிறு ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். நூலை இறுக்க வேண்டாம், துணி லேசாகக் குழிந்தால் போதும். ஊசி உள்துணி, பஞ்சு, மல்துணி மூன்றையும் மட்டுமே துளைக்க வேண்டும். வெளிக் கம்பளியைத் தொடவே கூடாது.

மெஷினில் அடிக்கலாமா? எந்தக் காலத்துக் கோட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். தையல் மெஷினுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்றது 1846இல், ஐசக் சிங்கர் 1851இல். 1860களின் கோட்டென்றால் மெஷின் தையல் பொருந்தும், 1830களுக்குக் கைத்தையல்தான்.

தையல் முடிந்ததும் அச்சுத்தாளை (துணி வெட்ட அளவு காட்டும் மாதிரித் தாளை) மறுபடி வைத்துச் சரியான அளவுக்கு வெட்டுங்கள். இணைப்புத் தையல் வரும் ஓரத்தில் உள்ள பஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கைக்குழி தடித்துப்போகும். பஞ்சுள்ள இடத்தில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள். கோட்டோடு சேர்க்கும்போது மேசையில் தட்டையாக வைக்காமல், முழங்கால் மேல் வளைத்துப் போட்டுக்கொண்டு தையுங்கள். பொத்தான்களைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எங்காவது மேடு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பிரித்து, ஓரத்தை இன்னும் பிய்த்து மெலிய விடுங்கள்.