சந்தையில் புதிய பழமும் கீரையும் வாங்கிப் பழகுவது எப்படி?

திருகோணமலைச் சந்தைக்குப் போகும் பலர் கத்தரிக்காய், வெண்டிக்காய், தக்காளி என்று வழக்கமான ஐந்தாறு பொருள்களோடு திரும்பிவிடுகிறார்கள். சாக்கு விரித்து ஒரு கூடைப் பழத்தையோ நாலு கட்டுக் கீரையையோ வைத்திருப்பவர்களிடம்தான் இந்த மண்ணின் பருவம் இருக்கிறது. அவர்களைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு.

படி 1: வெயிலுக்கு முன் போங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்க வேண்டாம். பெயர் தெரியாத ஒன்றைக் கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 2: சமையலைக் கேளுங்கள். "இது என்ன?" என்றால் பெயர் மட்டும் கிடைக்கும். "அக்கா, இதை உங்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் பெயர், பக்குவம், சேர்மானம் எல்லாம் சேர்ந்து வரும். முசுட்டை இலையை நான் அறிந்தது அப்படித்தான். விற்ற அம்மா ஓர் இலையைத் திருப்பி, "இதைத் தடவிப் பார், மகள்" என்றார். அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சுப் போல மினுங்கியது, பட்டுப் போல மெதுவாக இருந்தது. அதன் பிறகு எந்தக் கட்டிலும் முசுட்டையை நான் தவறவிட்டதில்லை.

விற்பவரே சாப்பிட்டுப் பழகாத காட்டுப் பழத்தையோ இலையையோ வாங்காதீர்கள். சாயலை நம்பி வேலியிலிருந்து பறிக்கவும் வேண்டாம்.

படி 3: கொஞ்சமாக வாங்குங்கள். வைகாசி, ஆனி மாதங்கள் என்றால் பாலைப்பழத்தில் தொடங்கலாம். வறண்ட காட்டு மரமான பாலையின் பழம் இது; கரடிக்கும் மிகப் பிடித்தது. பார்வைக்கு வேப்பம்பழம் போலவே மஞ்சளாக, சிறிதாக இருக்கும். ஒரு சுண்டு, அதாவது சிறிய அளவுக் குவளை நிறைய, வாங்கினால் போதும். பச்சை படர்ந்ததை விட்டு, அழுத்தினால் குழைவதை எடுங்கள். காயாக இருந்தால் பால் அதிகம். கழுவி, உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பால் உதட்டைப் பசை போல ஒட்டவைத்துவிடும். ஒட்டிய பாலைத் தண்ணீர் கரைக்காது, எண்ணெய்தான் கரைக்கும். உள்ளே பளபளப்பான ஒற்றை விதை, துப்பிவிடுங்கள். அந்த இனிப்புக்கு ஈடாகக் கடையில் விற்கும் எந்த இனிப்பையும் நான் சொல்லமாட்டேன்.

விளாம்பழத்துக்கு வேறு சோதனை. ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். துள்ளினால் காய். 'தொப்' என்று கிடந்தால் பழம்.

படி 4: எந்தப் புதுக் கீரைக்கும் முதலில் வறை, அதாவது தேங்காய் சேர்த்த வதக்கல். முசுட்டை மாரி மழைக்குத்தான் தளதளவென்று வரும். பத்துப் பதினைந்து இலைகளை அடுக்கிச் சுருட்டி, நூல் போல அரியுங்கள். தடிப்பாக அரிந்தால் வாயில் சக்கையாக நிற்கும். தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, இலையையும் உப்பையும் போட்டுக் கிளறுங்கள். இலை சுருண்டதும் ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்து, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும். அடுப்பில் விட்டால் கைத்துப்போகும்.

சூடான சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் அதே சாக்குக்குப் போய், வறை எப்படி வந்தது என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்கு அன்றிலிருந்து தளிர்க் கட்டைத் தனியாக எடுத்து வைக்கிறார்.