குழந்தையின் முதல் ஹாபி கிரேடு ரிமோட் கார்

உதிரிபாகங்களை மாற்றிப் பழுதுபார்க்கக்கூடிய ஹாபி கிரேடு ரிமோட் காரைச் சிறு குழந்தைக்கு முதன்முதலாக வாங்கும்போது, அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, அந்த வேகத்தை எவ்வளவு குறைத்து வைக்க முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். சில மாடல்களில் மோட்டாரின் ஆற்றலைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை இருக்கிறது. வேறு சிலவற்றில் ரிமோட்டிலுள்ள குமிழைத் திருகி உச்ச வேகத்தை மட்டுப்படுத்தலாம். இவ்விரண்டில் ஒன்றுகூட இல்லாத வேகமான காரை, அது எத்தனை அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கற்களின் மீது மெதுவாக ஏறும் கிராலர் வகையே மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. அது ஏறத்தாழ நடை வேகத்தில் செல்வதால், கார் தன்னை நோக்கித் திரும்பி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும் குழப்பத்திற்குக் குழந்தை நிதானமாகப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. உண்மையான வண்டியின் நீளத்தில் 1/18 அல்லது 1/24 பங்கு அளவுள்ள கார் எடை குறைவாக இருப்பதால், எதிலாவது மோதினாலும் பாதிப்பு குறையும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, சுழலும் பகுதிக்குக் கார்பன் பிரஷ்கள் வழியாக மின்சாரம் செலுத்தும், விலை குறைந்த பிரஷ் மோட்டாரே தொடக்கத்திற்குப் போதும். லித்தியம் பாலிமர் பேட்டரியைவிட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கவனக்குறைவைச் சற்று அதிகமாகத் தாங்கும். லித்தியம் பாலிமர்தான் என்றால், அதற்குரிய சார்ஜரில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும், உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கை, சக்கரங்களை இடம் வலமாகத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டியரிங் சர்வோ, பற்சக்கரம் ஆகியவை தனித்தனியாக எளிதில் கிடைக்கின்றனவா என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.